தானியங்கி மின்னஞ்சலின் அடியில் யார் பெயர் இருக்க வேண்டும்?

பண்டாரவளையில் நான்கு பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு சிறிய தேயிலைப் பொதியிடல் நிறுவனத்தில் மின்னஞ்சல்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. வெளிநாட்டில் சிறு கடை வைத்திருப்பவர்கள், தேநீர்ச்சாலை நடத்துபவர்கள், எல்லப் பக்கம் ஒருமுறை சுற்றுலா வந்துபோன பழக்கத்தில் ஆண்டுதோறும் இரண்டு கிலோ வரவழைக்கும் குடும்பங்கள் என எங்கள் வாடிக்கையாளர் பட்டியல் பெரியதன்று. ஆனாலும் புதிதாகப் பதிவுசெய்பவருக்கு ஒரு வரவேற்பு மடல், மாதிரிப் பொதி அனுப்பிய பத்தாம் நாள் ஒரு விசாரிப்பு மடல், ஊவாப் பருவம் தொடங்கும் ஜூலையில் ஓர் அறிவிப்பு மடல், கடைசியாக வாங்கி ஆறு மாதம் கழிந்தவருக்கு ஒரு நினைவூட்டல் மடல் ஆகிய நான்கும் மென்பொருளின் வழியாகத் தாமாகவே போகின்றன. அவற்றின் அடியில் யாருடைய பெயரை வைப்பது என்பதை நாங்கள் நெடுங்காலம் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஏற்றுமதி வேலைகளைப் பார்த்துவந்த சகோதரி ஒருவர் கொழும்பில் வேறு வேலை கிடைத்துப் போனார். அவர் போன பின்பும் மூன்று மாதங்கள் விசாரிப்பு மடல்கள் அவர் பெயரிலேயே போய்க்கொண்டிருந்தன. மாதிரி பெற்ற ஒரு கடைக்காரர், சுவை பிடித்திருக்கிறது என்றும் பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ) தரத் தேயிலை நாற்பது கிலோ வேண்டும் என்றும் விலையைக் கேட்டுப் பதில் எழுதியிருந்தார். அந்தப் பதில் எவரும் திறக்காத அந்தச் சகோதரியின் அஞ்சற்பெட்டியில் ஐந்து வாரம் கிடந்தது. நாங்கள் அதைக் கண்டெடுத்தபோது அவர் வேறிடத்தில் வாங்கி முடித்திருந்தார். விற்பனை போனதைவிட, ஒருவரை அவர் பெயர் சொல்லி அழைத்து, இன்னொருவரின் பெயரால் கேள்வி கேட்டுவிட்டு, அவர் பதில் சொன்னபோது அங்கே ஆளில்லாமல் போனது எனக்கு மிகவும் உறுத்தலாக இருந்தது. அதன் பிறகு எங்கள் முன்னிருந்த தெரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். அந்த ஒப்பீட்டை, இதே அளவில் தொழில் செய்யும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கையொப்பம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது மின்னஞ்சலில் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. மடலைத் திறக்கும் முன்பே பெறுநரின் பெட்டியில் தெரியும் அனுப்புநர் பெயர் ஒன்று. பதில் எழுதும் பொத்தானை அழுத்தினால் அது போய்ச் சேரும் முகவரி இன்னொன்று. மடலின் அடியில் பெயர், பதவி, தொலைபேசி இலக்கத்தோடு வரும் பகுதி மூன்றாவது. மின்னஞ்சலின் அமைப்பை வரையறுக்கும், 2008ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எஃப்.சி 5322 என்ற ஆவணத்தில் எழுதியவர், அனுப்பியவர், பதில் பெற வேண்டியவர் ஆகியோருக்கு, மடலின் உடலுக்கு முன்னால் செல்லும் தலைப்புப் பகுதியில் தனித்தனி இடங்கள் (புலங்கள்) உள்ளன. அடியில் வரும் பகுதி மட்டும் மடலின் உடலைச் சேர்ந்தது, அதைப் பற்றித் தலைப்புக்கு எதுவும் தெரியாது. ஆகவே ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறா. மேலே நிறுவனத்தின் பெயரும் அடியில் ஒரு பெண்ணின் பெயரும் பதில் முகவரியில் "பதில் எழுத வேண்டாம்" என்ற பொருளுள்ள பெட்டியும் இருக்கும் மடல்கள் எனக்கே வாரந்தோறும் வருகின்றன. மூன்றும் ஒத்துப் போகின்றனவா, ஒத்துப் போனாலும் அந்தப் பெயருக்குரியவர் உண்மையில் அங்கே இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளையும் வைத்தே கீழ்வரும் தெரிவுகளை அளந்தோம்.

நிறுவனத்தின் பெயர் மட்டும்

மிக எளிய வழி இதுவே. எல்லா மடல்களும் நிறுவனத்தின் பெயரில் போகும். அடியில் முகவரியும் பொதுத் தொலைபேசி இலக்கமும் இருக்கும். யார் வேலைக்கு வந்தாலும் போனாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. "அனுப்பியுள்ளோம்", "காத்திருக்கிறோம்" என்று வினைமுற்றுகள் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக நிற்கும். பணம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டு, பொதி புறப்பட்ட அறிவித்தல், விலைப்பட்டியல் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கையொப்பம் இல்லை. அவற்றில் ஒருவர் தேடுவது இலக்கங்களையும் திகதியையும்தான், ஆளை அன்று.

ஆனால் பதிலை எதிர்பார்க்கும் மடலுக்கு இது போதவில்லை. ஹட்டன் கடைத்தெருவிலோ பதுளைச் சந்தையிலோ பெயர்ப்பலகையில் உள்ள கடையின் பெயரைவிட உள்ளே கல்லாவில் இருப்பவரின் பெயர்தான் ஊருக்குத் தெரிந்திருக்கும். கடன் கேட்பதும் குறை சொல்வதும் அந்தப் பெயரை நம்பித்தான். தூரத்தில் இருப்பவர்களும் இதில் வேறுபட்டவர்கள் அல்லர். "மாதிரி எப்படி இருந்தது?" என்று ஒரு நிறுவனம் கேட்டால் பலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அதே கேள்வியை ஒரு ஆள் கேட்டால், சாயம் சற்றுக் குறைவாக இருந்தது, பால் விட்டால் நிற்கவில்லை என்று நாலு வரியாவது எழுதுகிறார்கள். எங்கள் பெட்டிக்கு வந்த பதில்களைப் பார்த்துச் சொல்கிறேன்; இதை எல்லோருக்குமான விதியாக வைக்க மாட்டேன்.

உரிமையாளரின் பெயர் எல்லாவற்றுக்கும்

எல்லவிலோ ஹப்புத்தளையிலோ மூன்று அறைகளை வைத்து விடுதி நடத்தும் குடும்பத்துக்கு இதுவே சரி. விருந்தினரை வரவேற்பவரும், காலையில் ரொட்டி சுடச் சொல்பவரும், ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரத்தைச் சொல்பவரும் ஒருவரேயாக இருக்கும்போது, போன பிறகு வரும் நன்றி மடலிலும் அவர் பெயரே இருப்பது இயல்பு. அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் நினைவுக்கு வரும்.

எங்களுக்கு அது பொருந்தவில்லை. எங்கள் உரிமையாளர் வாரத்தில் மூன்று நாள் தொழிற்சாலைகளுக்குப் போய் இலை பார்ப்பவர். ஏலத்துக்காகக் கொழும்பு போகும் நாட்களும் உண்டு. அவர் பெயரில் ஜூலையில் அறிவிப்பு மடல் போனால் வரும் பதில்களை அவர் இரவில் கைத்தொலைபேசியில் பார்ப்பார், பார்த்ததை எங்களுக்குச் சொல்ல மறப்பார். அவர் பெயரில் வந்த கேள்விக்கு நான் பதில் எழுதினால் வாடிக்கையாளருக்கு ஒரு சிறு ஏமாற்றம். அவர் பெயரிலேயே நான் எழுதினால் அது பொய். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ நிறுவனம் தொடங்கிய நாளுக்கோ, அவரே உட்கார்ந்து எழுதிய ஒரு மடல் அவர் பெயரில் போகட்டும் என்று மட்டும் வைத்துக்கொண்டோம்.

பொறுப்பாளரின் பெயர், ஒவ்வொருவருக்கும் வேறாக

மூன்றாவது தெரிவில்தான் நாங்கள் அதிகக் காலம் செலவிட்டோம். வாடிக்கையாளர் பதிவு ஒவ்வொன்றிலும் அவரைக் கவனிக்கும் பொறுப்பாளர் யார் என்று குறித்துவைக்க, மடல் புறப்படும் தறுவாயில் மென்பொருள் அந்தப் பெயரை எடுத்துக் கையொப்பத்தில் நிரப்பிவிடும். ஹப்ஸ்பொட் என்ற வாடிக்கையாளர் மென்பொருளில் வாடிக்கையாளருக்குரிய பொறுப்பாளரையே அனுப்புநராக வைக்க முடியும். மார்க்கெட்டோ என்ற இன்னொரு மென்பொருளில் பொறுப்பாளரின் பெயர், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றுக்கென்றே டோக்கன்கள், அதாவது தாமாக நிரம்பும் இடக்குறிகள், உண்டு. மெயில்சிம்ப் போன்ற செய்திமடல் சேவையில், பட்டியலில் ஒரு கூடுதல் நிரலைச் சேர்த்து அதில் பொறுப்பாளர் பெயரை எழுதிவைத்து, மெர்ஜ் டேக் என்ற அதேபோன்ற இடக்குறி மூலம் மடலின் உடலுக்குள் கொண்டுவரலாம். சேவை எதுவாக இருந்தாலும் தத்துவம் ஒன்றே: வார்ப்பு மடலில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம், அதை நிரப்பப் பட்டியலில் ஒரு மதிப்பு.

நாங்கள் இடறியது அந்த மதிப்பில். இந்த மென்பொருள்கள் ஒருவரின் பெயரை முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தையின் பெயர் முன்னே வரும், சொந்தப் பெயர் பின்னே வரும். உதாரணத்துக்குக் கந்தையா சிவகுமார் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அதை எழுதும் ஒழுங்கிலேயே பதிந்தால் கந்தையா முதற்பெயராகிவிடும். முதற்பெயரை மட்டும் கையொப்பத்தில் இடும்படி வார்ப்பு அமைந்திருந்தால், மகன் அனுப்பும் ஒவ்வொரு மடலும் "அன்புடன், கந்தையா" என்று தகப்பனார் பெயரில் போகும். பெயரைத் திருப்பிப் பதிந்தால் கையொப்பம் சரியாகிவிடும், ஆனால் முழுப்பெயர் வரும் இடமெல்லாம் சிவகுமார் கந்தையா என்று தலைகீழாகும். தலைப்பெழுத்தோடு எழுதுபவருக்கு இன்னொரு சங்கடம்: "க." என்பதே முதற்பெயராகப் பதிவாகி, மடலின் அடியில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் நிற்கும். வாடிக்கையாளரை விளிக்கும் இடத்திலும் இதே பிழை நேர்கிறது என்பதால், தமிழ்ப் பெயருள்ள வாடிக்கையாளர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

இதற்கு நாங்கள் கண்ட தீர்வு, மென்பொருள் தரும் இரண்டு புலங்களையும் கையொப்பத்தில் பயன்படுத்தாமல் விட்டு, "கையொப்பப் பெயர்" என்று தனியாக ஒரு புலத்தை உருவாக்கியதே. அதை அந்தந்த ஆளே தன் கைப்பட நிரப்ப வேண்டும் என்று வைத்தோம். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டு, அதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக அலைந்த அனுபவம் பல குடும்பங்களில் உண்டு. தன் பெயரைத் தான் எழுதும் விதத்தில் மற்றவர் எழுத வேண்டும் என்பது இங்கே ஒருவருக்குச் சாதாரண விருப்பம் அன்று. எங்கள் அலுவலகத்தில் ஒரு தங்கை அந்தப் புலத்தில் தன் பெயரை மூன்று மொழிகளிலும் எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் கடைசியில் வரும் ஓர் எழுத்தை அழித்து, மறுபடியும் சேர்த்து, பிறகு அழித்தார். "இதுதான் நான் எழுதுறது, அட்டையில இருக்கிறது அவங்க எழுதினது" என்றார். அவர் எழுதியபடியே இன்றும் போகிறது.

அடுத்தது தமிழின் இலக்கணம். ஆங்கிலத்தில் ஒரு பெயரை எந்த இடத்தில் சொருகினாலும் அது வடிவம் மாறாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிப் புணர்கிறது. "மேலதிக விவரங்களுக்கு" என்று தொடங்கி வெற்றிடத்துக்குப் பின்னால் "ஐ" என்று எழுதிவைத்தால் "சிவகுமார்ஐ", "மாலதிஐ" என்றே மடல் போகும். சிவகுமாரை, மாலதியை என்று மென்பொருள் தானாகப் புணர்க்காது. இதற்கு நம் மொழியிலேயே பழகிய வழி ஒன்று இருக்கிறது: பெயருக்குப் பின்னால் "அவர்கள்" சேர்த்துவிட்டால் உருபு முழுவதையும் அந்தச் சொல் தாங்கிக்கொள்ளும். "சிவகுமார் அவர்களை", "மாலதி அவர்களுடன்" என எந்தப் பெயருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், வாக்கியம் சிதையாமல் நிற்கும். மரியாதையும் கூடவே வருகிறது. ஆனால் ஒருவர் தன் பெயருக்குத் தானே "அவர்கள்" போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே உடலில் மூன்றாம் ஆளாகக் குறிப்பிடும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தி, கையொப்பத்தில் பெயரை எழுவாய் வடிவில் தனிவரியில் நிறுத்தினோம்.

வினைமுற்று இன்னும் நுட்பமானது. தனியொருவர் கையெழுத்திடும் மடலில் "அனுப்பியிருந்தேன், கிடைத்ததா?" என்று இருக்க வேண்டும். பொறுப்பாளர் குறிக்கப்படாத வாடிக்கையாளருக்கு அதே மடல் நிறுவனத்தின் பெயரில் போனால், அடியில் நிறுவனமும் உள்ளே "அனுப்பியிருந்தேன்" என்பதும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மென்பொருள்காரர்கள் இதற்குத் தரும் வழி, மதிப்பு இல்லாத இடத்தில் வைக்க ஒரு மாற்று மதிப்பை முன்கூட்டியே கொடுத்துவைப்பது. பெயர் மட்டும் மாறினால் போதுமான மொழிக்கு அது ஓரளவு சரி. தமிழ் மடலில் பெயர், வினைமுற்று, தொலைபேசி இலக்கம், பதில் முகவரி ஆகிய நான்கும் சேர்ந்து மாற வேண்டியிருப்பதால், ஒற்றைச் சொல்லை மாற்றும் அந்த ஏற்பாடு அரைகுறையாகவே நிற்கிறது. மாற்று மதிப்பே வைக்காமல் விட்டால் "அன்புடன்," என்ற சொல்லுக்குக் கீழே வெற்றிடம் மட்டும் போகும். சில சேவைகளில் அடைப்புக்குறிகளோடு புலத்தின் பெயரே போய்விடும்.

மாற்று மதிப்பை நம்பாமல், ஒரே விசாரிப்பு மடலை இரண்டாக எழுதிவைத்தோம். பொறுப்பாளர் உள்ளவர்களுக்கு "நான்" என்று பேசும் மடல், இல்லாதவர்களுக்கு "நாங்கள்" என்று பேசும் மடல். மென்பொருள் முதலில் பட்டியலைப் பிரித்து, பிறகே அனுப்புகிறது. இரண்டு மடல்களைத் திருத்திப் பராமரிப்பது கூடுதல் வேலைதான். ஆனால் ஒரு மடலுக்குள் நிபந்தனைகளை அடுக்கிவைத்து, எந்த ஆளுக்கு எந்த வாக்கியம் போனது என்று பின்னர் தேடுவதைவிட அது எளிது.

ஆள் மாறும்போது என்ன செய்வது என்பதே மிகப் பெரிய கேள்வி. எங்களுக்கு இழப்பு வந்ததும் அங்கேதான். பொறுப்பாளரின் சொந்த அஞ்சற்பெட்டியையே பதில் முகவரியாக வைத்தால், மடல் முழுக்க முழுக்க அவருடையதாக இருக்கும். அவர் லீவில் போனாலும், வேலையை விட்டாலும், பதில்கள் அவரோடு போய்விடும். பொது முகவரியை வைத்தால் யாராவது ஒருவர் பார்ப்பார். ஆனால் எல்லோரும் பார்க்கும் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை என்ற ஆபத்தும் உண்டு. நாங்கள் இரண்டையும் இணைத்தோம். அனுப்புநர் பெயரில் ஆளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வரும். முகவரி மட்டும் எப்போதும் ஒன்றே, அது நிறுவனத்தின் பொதுப்பெட்டி. வரும் பதில்கள் பொறுப்பாளரின் பெயரால் பிரிந்து அவரவர் கோப்புறைக்குள் விழுகின்றன. இரண்டு வேலை நாட்கள் திறக்கப்படாமல் கிடக்கும் பதில் என் முன்னே வந்து நிற்கிறது. முகவரி மாறாமல் இருப்பதால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: எங்களை ஒருமுறை தன் தொடர்புப் பட்டியலில் சேர்த்த வாடிக்கையாளரின் பெட்டியில், கையொப்பமிடுபவர் மாறினாலும் எங்கள் மடல் புதிய ஆளுடையதாக ஒதுக்கப்படுவதில்லை.

இல்லாத ஒருவரின் பெயர்

சில நிறுவனங்கள் ஒரு கற்பனைப் பெயரை, பெரும்பாலும் வெளிநாட்டாரின் வாய்க்கு எளிதாக வரும் ஆங்கிலப் பெயரை, எல்லா மடல்களுக்கும் நிரந்தரமாக வைத்துவிடுகின்றன. ஆள் போனாலும் பெயர் போகாது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். நாங்கள் இதை ஒரு நாள்கூடப் பரிசீலிக்கவில்லை. கொழுந்து எடுத்தவரிலிருந்து பொதி கட்டியவர்வரை பெயருள்ள மனிதர்கள் செய்த ஒரு பொருளை, பிறவாத ஒருவரின் பெயரால் விற்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பெயரைக் கேட்டு ஒரு வாடிக்கையாளர் தொலைபேசி எடுத்தால், எடுப்பவர் முதல் வாக்கியத்திலேயே பொய் சொல்ல வேண்டிவரும்.

பெட்டிக்குள் போய்ச் சேர்வது

யாருடைய பெயர் என்பதைத் தீர்மானித்தாலும் மடல் போய்ச் சேர வேண்டும். நம் பக்கத்துச் சிறு தொழில்கள் பல இலவச ஜிமெயில் முகவரியையே தொழில் முகவரியாக வைத்திருக்கின்றன. கையால் ஒவ்வொன்றாக அனுப்பும்வரை அதில் குறையில்லை. செய்திமடல் சேவையொன்றின் வழியாக, அனுப்புநர் இடத்தில் அந்த இலவச முகவரியைப் போட்டுப் பெருந்தொகையாக அனுப்பும்போதுதான் சிக்கல். யாஹூ 2014இலேயே தன் பெயரிலுள்ள முகவரிகளை வெளிச் சேவைகள் பயன்படுத்தினால் மறுக்கும்படி, டிமார்க் என்ற தன் அனுப்புநர்ச் சோதனைக் கொள்கையை மாற்றியது. ஜிமெயிலும் தன் முகவரிகளுக்கு அவ்வழியில் இறுக்கத்தைக் கூட்டியது. 2024 பெப்ரவரியிலிருந்து, ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், மடல் உண்மையில் அந்த அனுப்புநரிடமிருந்தே வருகிறதா என்று சோதிக்க உதவும் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வழி இருக்க வேண்டும், எரிதம் (ஸ்பாம்) என்று புகாராகும் வீதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்ற விதிகள் நடைமுறைக்கு வந்தன. எங்களைப் போன்றோர் 5,000ஐத் தொடப்போவதில்லை. ஆனாலும் சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) ஒன்றை வாங்கி இம்மூன்றையும் அமைத்துக்கொள்வது கையொப்பத்தைத் தனிப்பயனாக்குவதற்கு முந்திய வேலை. அந்தச் சோதனைகள் டொமைனையே பார்க்கின்றன. ஆகவே அமைத்த பின் முன்னால் வரும் ஆளின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அவை பாதிக்கப்படுவதில்லை.

அனுப்புநர் பெயரைத் தமிழில் வைக்க விரும்புபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோட் யூ.டி.எஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. புள்ளியும் கொம்பும் துணைக்காலும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். மேலே சொன்ன கந்தையா சிவகுமார் என்ற பெயர் இடைவெளியோடு 49 பைட். தலைப்பில் பிறமொழி எழுத்துகளை ஏற்றும் விதத்தை வகுத்த 1996ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி 2047, ஒரு குறியாக்கத் துண்டு 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்கிறது. எதையும் ஆங்கில எழுத்துகளாகவும் இலக்கங்களாகவும் மாற்றி அனுப்பும் பேஸ்64 முறையில் அதற்குள் 45 பைட்தான் அடங்கும். ஆகவே இந்தப் பெயர் இரண்டு துண்டாகப் பிரிந்தே போக வேண்டும். நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் வெட்டும். மோசமானது எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். பெறுநரின் திரையில் பெயருக்கு நடுவே கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வரும். நீண்ட நிறுவனப் பெயரோடு ஆளின் பெயரையும் தமிழில் சேர்க்குமுன், உங்கள் சேவை அதை எப்படிக் கையாள்கிறது என்று இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளில் பார்த்துவிடுவது நல்லது.

எழுத்தாகவா, படமாகவா

கையால் எழுதிய கையெழுத்தை ஸ்கேன் செய்து படமாக வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேசைக்கணினியில் உள்ள அவுட்லுக் படங்களை முதலில் தடுத்தே காட்டும் வழக்கமுடையது. அங்கே அந்த அழகு ஒரு வெற்றுக் கட்டமாகத் தெரியும். கண் தெரியாதவருக்கு மடலை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் படத்துக்குள் இருக்கும் பெயர் தெரியாது. ஆளுக்கு ஆள் மாறும் கையொப்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு படத்தைப் பராமரிக்க வேண்டிய வேலையும் சேரும். பெயரும் இலக்கமும் எழுத்தாக இருக்கட்டும், நிறுவனத்தின் சின்னம் மட்டும் சிறு படமாக, மாற்று உரையோடு (படம் தெரியாதபோது வரும் சொற்களோடு) இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம். ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலின் உடலை வெட்டி மறைத்துவிடுகிறது. கையொப்பம் கடைசியில் இருப்பதால் முதலில் மறைவது அதுவே.

இலங்கையில் மட்டும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. நம் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுசெய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. வேர்ட் கோப்பில் பாமினியில் எழுதிய பெயரை அப்படியே எடுத்துக் கையொப்பத்தில் ஒட்டினால், உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாதவரின் திரையில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கையொப்பத்தை யூனிகோடிலேயே தட்டச்சுசெய்ய வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பெறுநர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் கணக்கில் வரும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கான்-ஸ்பாம் சட்டம், வணிக மடலின் அனுப்புநர் விவரம் ஏமாற்றுவதாக இருக்கக்கூடாது என்பதோடு, செல்லுபடியாகும் அஞ்சல் முகவரியும் மடலில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஆளின் பெயரோடு நிறுவனத்தின் அஞ்சல் முகவரியும் மடலில் இருப்பது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தனியுரிமைப் பணிப்புரை, யார் சார்பில் அனுப்பப்படுகிறது என்பதை மறைக்கும் விற்பனை மடல்களைத் தடைசெய்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாடிக்கையாளரின் தரவுக்காக மட்டும் வாசிக்கக்கூடாது என்பது என் கருத்து. ஊழியரின் பெயரும் கைத்தொலைபேசி இலக்கமும் அவருடைய தனிப்பட்ட தரவுகளே. நூற்றுக்கணக்கானோருக்குப் போகும் மடலில் ஒரு தங்கையின் சொந்த இலக்கத்தை அவரிடம் கேட்காமல் வைப்பது எந்த நிறுவனத்துக்கும் தகாது. எங்கள் கையொப்பங்களில் அலுவலக இலக்கமும் உள்ளிணைப்பு இலக்கமும் மட்டுமே வருகின்றன.

எது நன்றாக வேலை செய்கிறது என்பதை மடல் திறக்கப்பட்ட எண்ணிக்கையால் அளக்க முயல வேண்டாம். ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமை ஏற்பாடு, பெறுநர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் அந்த எண்ணிக்கை நம்பத்தக்கதன்று. வந்த பதில்களை எண்ணுவதே சரி. அதிலும் சிறு பட்டியல்காரர் அவசரப்படக்கூடாது: 300 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஆறு பதிலும் மறுபக்கம் ஒன்பது பதிலும் வந்தால், அந்த மூன்று பதில் வித்தியாசம் கையொப்பத்தால் வந்ததா தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் பதில்களை எண்ணுவதோடு வாசிக்கவும் செய்தோம். பெயர் சொல்லித் தொடங்கும் பதில்கள் நீளமாக இருந்தன.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி நிற்கிறது. பற்றுச்சீட்டும் பொதி அறிவித்தலும் வரவேற்பு மடலும் நிறுவனத்தின் பெயரில் போகின்றன. புதிதாகச் சேர்ந்தவருக்கு இன்னும் பொறுப்பாளர் இல்லை என்பதால் வரவேற்பு மடலில் ஒரு பெயரை வலிந்து வைப்பதில் பொருளில்லை. விசாரிப்பு மடலும் ஆறு மாத நினைவூட்டலும் பொறுப்பாளரின் பெயரில், பொது முகவரியிலிருந்து போகின்றன. ஜூலை அறிவிப்பு மடலில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தியாகப் போவதால் நிறுவனத்தின் பெயரே போதும் என்பது என் எண்ணம். மாதிரி கேட்டு அதிகம் பேர் எழுதுவது அந்த மடலுக்குத்தான், ஆகவே அதில் பெயர் இருக்க வேண்டும் என்பது உரிமையாளரின் எண்ணம். அவர் சொன்னதே சரியென்று ஏற்றுக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. மூவரின் பெயரில் போகும் மடல்களை ஒரே காலையில் அனுப்பாமல் மூன்று நாட்களில் பிரித்து அனுப்புகிறோம். கையொப்பமிட்டவர் தன் பெயரில் மடல் புறப்படும் நாளில் அலுவலகத்தில் இருக்க வேண்டும், அடுத்த இரண்டு நாட்களும் லீவு எடுக்கக்கூடாது.

தலவாக்கலையிலோ ஹட்டனிலோ பிரத்தியேக வகுப்பு நடத்தி, பெற்றோருக்கு மாதாந்த மடல் அனுப்பும் ஓர் ஆசிரியருக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அவர் பெயரும் அவர் இலக்கமும் போதும். இருபது முப்பது விற்பனை அலுவலர்கள் உள்ள நிறுவனத்துக்கோ எங்கள் பொதுப்பெட்டி முறை தாங்காது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி முகவரி கொடுத்து, ஆள் விலகும் நாளிலேயே அந்த முகவரி இன்னொருவருக்குத் திருப்பப்படும் ஒழுங்கை வேலை ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எங்கள் ஒப்படைப்புப் பட்டியலில் மேசைச் சாவிக்கும் முத்திரைக்கும் அடுத்த வரியாக இப்போது "கையொப்பப் பெயர்" இருக்கிறது. ஒருவர் விலகும் நாளில் அவருடைய வாடிக்கையாளர்கள் வேறொருவருக்கு மாற்றப்பட்ட பிறகு, என் சொந்த முகவரிக்கும் அலுவலகத்திலுள்ள பழைய அவுட்லுக் கணினிக்கும் ஒரு தங்கையின் கைத்தொலைபேசிக்கும் ஒவ்வொரு சோதனை மடல் அனுப்பி, அடியில் வரும் பெயரை உரத்து வாசிக்கிறோம். பிறகு மூன்றிலிருந்தும் பதில் எழுதி, அது யாருடைய கோப்புறையில் விழுகிறது என்று பார்த்த பின்பே விலகுபவரின் அஞ்சற்பெட்டியை மூடுகிறோம்.